பிரம்பு போய்க் குளிசை வந்தது

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பிராயத்தைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். அவற்றுள் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குரிய இறுதி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன. பிறர் கட்டிய மணல்வீட்டைக் காலால் எற்றி அழிப்பதும், காது செவிடுபடப் பறை கொட்டுவதும், தெருவெல்லாம் தேரிழுத்து ஓடுவதும் வளருகின்ற பிள்ளையின் இயல்பென்றே அப்புலவர் கொண்டனர். இன்று உலகிலே செல்வம் மலிந்த நாடெனப்படும் அமெரிக்க ஐக்கிய நாட்டில், இவை போன்ற செயல்கள் மிகுந்து காணப்படும் மூன்று வயதுப் பிள்ளை வைத்தியரிடம் அழைத்துச் செல்லப்படுகின்றது. பல வேளைகளில் அது குளிசையோடு வீடு திரும்புகின்றது.

பழம்புலவரின் மரபை ஆதாரமாகக் காட்டி நவீன வைத்தியத்தை மறுக்க நாம் முற்படவில்லை. அவ்வாறு செய்வது பேதைமை. அவதானக் குறைவு - மிகையியக்கக் குறைபாடு என்று இன்று அழைக்கப்படும் நிலை உண்மையானது. அதனால் அல்லலுறும் பிள்ளைகள் உளர்; அவர்களோடு சேர்ந்து அல்லலுறும் தாய்மாரும் உளர். பள்ளி வயதை அடைந்த பிள்ளைகள் பலர்க்கு மருந்து பயன்தருகின்றது என்பதும் ஆராய்ச்சியாற் கண்ட உண்மையே. ஆயின் அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு எடுத்த கணிப்பின்படி, 3 வயதிற்கும் 17 வயதிற்கும் இடைப்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ 70 இலட்சம் பேர், அதாவது ஒன்பது பேருக்கு ஒருவர் வீதம், இக்குறைபாடு உடையோர் என என்றோ ஒருநாள் முத்திரை குத்தப்பட்டோராவர். அத்தொகையுள் இன்னும் பாலர் வகுப்பைத் தாண்டாத மழலைகளும் அடங்குவர். அம்மழலைகளுக்கு மருந்து என்ன செய்கின்றது, அதனை அவர்கட்கு ஊட்டுமாறு தூண்டுவது எது என்பனவே நாம் எழுப்பும் வினாக்கள்.

வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1937ஆம் ஆண்டில், றோட் ஐலன்ட் மாநிலத்திலுள்ள பிராட்லி இல்லத்தில், சாள்ஸ் பிராட்லி என்னும் வைத்தியர் நடத்தைக் கோளாறுகள் உடைய 30 பிள்ளைகளுக்குப் பென்செட்றின் என்னும் அம்பெற்றமீன் மருந்தை ஒருவார காலம் கொடுத்துப் பார்த்தார். ஏறத்தாழப் பாதிப் பேர் பள்ளிப் பாடங்களிலே வியக்கத்தக்க ஊக்கங் காட்டினர். கணக்குச் செய்யத் துணைபுரிந்தமையாற் பிள்ளைகள் அதனைக் 'கணக்குக் குளிசை' என்றே அழைத்தனராம். பிராட்லி கண்ட பிறிதொரு விளைவும் உண்டு. அப்பிள்ளைகளுட் பாதிப் பேர் தம் உணர்ச்சி வெளிப்பாடுகளில் அடங்கி ஒடுங்கினர். இவ்வொடுக்கம் அன்று நற்பயன்களின் வரிசையிலேயே வைத்து எண்ணப்பட்டது. இவ்விடத்தை வாசகர் நினைவில் இருத்துக. பின்னர் இதற்கு மீளுவோம்.

1944ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள சீபா கம்பனியில் லியாண்ட்ரோ பனிசோன் என்னும் இரசாயன அறிஞர் மெதில்பெனிடேற்று என்ற பொருளை ஆக்கினார். அவருடைய மனைவியின் செல்லப்பெயரான 'றிற்றா' என்பதைத் தழுவி அம்மருந்து 'றிற்றலின்' எனப் பெயர்பெற்றது. ஐம்பதுகளில் வளர்ந்தோரின் சோர்வையும் தளர்ச்சியையும் போக்கும் மருந்தாக விற்கப்பட்ட அது, அறுபதுகளிற் பிள்ளைகளைத் தேடி வந்தது. 1970ஆம் ஆண்டில் நெபிறாஸ்கா மாநிலத்து ஒமாகா நகரில் ஆரம்பப் பள்ளி மாணவருட் கணிசமானோர்க்கு நடத்தையைத் திருத்தும் மருந்து ஊட்டப்படுகின்றது என்றொரு செய்தி பரவியது. அச்செய்தியிற் கூறப்பட்ட எண்ணிக்கை மிகைப்பட்டதெனப் பின்னர் தெளிவாயிற்று. எனினும் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்று அவ்வாண்டே கூடி இதனை விசாரிக்க நேர்ந்தமையை நாம் மறத்தலாகாது. பள்ளிக்கூடம், மருந்துக் கம்பனி, அரசு ஆகிய மூன்றும் பிள்ளையின் உடலை நடுவில் வைத்து எதிரெதிர் நின்றது அன்றுதான்.

பாலர் வயதுப் பிள்ளைகள் பற்றிய கேள்வி கூர்மையடைந்தது 2000ஆம் ஆண்டிலாகும். 1991க்கும் 1995க்கும் இடையில், 2 வயது முதல் 4 வயது வரையுள்ள அமெரிக்கக் குழந்தைகளுக்கு இவ்வகை ஊக்கி மருந்துகள் எழுதிக் கொடுக்கப்படுவது இருமடங்கு, மும்மடங்காகப் பெருகியது என்பதை அவ்வாண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது. நாடே திகைத்தது. ஏனெனில் அவ்வயதிற்கு மெதில்பெனிடேற்று அரசின் அனுமதி பெற்ற மருந்தன்று. ஆறு வயதிற்கே அது அனுமதி பெற்றிருந்தது. இன்றும் நிலைமை அதுவே. இதிலும் வேடிக்கை யாதெனில், பாலர்களிடத்தே அதனிலும் குறைவாக ஆராயப்பட்ட அம்பெற்றமீன் வகைப் பழைய மருந்துகள் சில, கடுஞ்சோதனை விதிகள் வருமுன்னரே சந்தையில் இடம்பிடித்தமையால், மூன்று வயது முதற் கொடுக்கலாம் என்ற அனுமதியோடு இன்றும் விளங்குகின்றன.

இதன்பின் அரசின் பொருளுதவியோடு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 3 வயது முதல் ஐந்தரை வயது வரையுள்ள 303 பிள்ளைகள் அதிற் சேர்க்கப்பட்டனர். முதலிற் பெற்றோர்க்குப் பத்து வாரப் பயிற்சி. அது போதாதவிடத்தே மெதில்பெனிடேற்று. 2006ஆம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தன. மருந்து வேலை செய்தது. ஆயின் பள்ளி வயதுப் பிள்ளைகளிடத்துச் செய்த அளவிற்கன்று. பெற்றோருள் நூற்றுக்கு 30 வீதமானோர், எவரும் தூண்டிக் கேளாமலே, தம் பிள்ளைகளிடம் நடுத்தரமான அல்லது கடுமையான தீய விளைவுகளைக் கண்டதாக முறையிட்டனர். அவ்விளைவுகள் எவை? சிடுசிடுப்பு, திடீரெனப் பொங்கியெழும் அழுகையும் ஆத்திரமும், உறக்கம் வராமை, ஒரே செயலையும் ஒரே எண்ணத்தையும் திரும்பத் திரும்பப் பற்றி நிற்றல், உணவில் வெறுப்பு. நூற்றுக்கு 11 வீதமான பிள்ளைகள் இவற்றைத் தாங்கமாட்டாது மருந்தை நிறுத்த நேர்ந்தது. தொடர்ந்து ஓராண்டு மருந்துண்ட பிள்ளைகளின் வளர்ச்சி, எதிர்பார்த்ததிலும் உயரத்தில் ஐந்திலொரு பங்கும், எடையிற் பாதிக்கு மேலும் குறைந்தது. ஆறாண்டுகளின் பின் அப்பிள்ளைகளை மீண்டும் பார்த்தபோது ஏறத்தாழ நூற்றுக்கு 90 வீதமானோர் இன்னும் அக்குறைபாட்டின் இலக்கணத்துக்குள்ளேயே நின்றனர். இதனைக் கொண்டு மருந்து பயனற்றது என முடிவுகட்டுதல் நேர்மையாகாது. கடுமையான நிலையில் உள்ளவரே நீண்டகாலம் மருந்துண்டிருத்தல் கூடும். ஆயின் மூன்று வயதிற் குளிசை கொடுத்தால் முப்பது வயது வரை வாழ்வு சீர்ப்படும் என்று பேசுவோர்க்கு இது தக்க விடையாகும்.

வேறொரு செய்தியையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். மிக அரிதாகவேனும், இம்மருந்தை உண்ட பிள்ளைகளுக்கு இல்லாத பொருள்கள் கண்ணுக்குத் தோன்றின. பூச்சிகளும் பாம்புகளும் புழுக்களும் தம்மேல் ஊர்வதாகப் பிள்ளைகள் அலறிய நிகழ்ச்சிகள் அமெரிக்க மருந்து நிருவாகத்தின் ஏடுகளிற் பதிவாகியுள்ளன. 2007ஆம் ஆண்டில் அந்நிருவாகம் இம்மருந்துகளோடு எச்சரிக்கைத் துண்டு இணைக்கப்பட வேண்டுமெனப் பணித்தது. 2025ஆம் ஆண்டிலே, நீண்டநேரம் வேலைசெய்யும் ஊக்கி மருந்துகள் ஆறு வயதிற்குட்பட்ட பிள்ளைகளின் எடையைக் குறைக்கும் என்ற எச்சரிக்கையையும் எழுதுமாறு கட்டளையிட்டது. ஒவ்வோர் எச்சரிக்கையும் உண்மையே. ஆயின் ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டு தாமதித்து வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, 'பக்கவிளைவு' என்ற சொல்லையே சற்று ஆராய்வோம். மருந்திற்கு மைய விளைவு, பக்க விளைவு என்ற பாகுபாடு கிடையாது. மூளையிலே டோபமீன், நோரட்றினலின் என்னும் பொருள்கள் மீள உறிஞ்சப்படுவதை அது தடுக்கின்றது. அதனால் நிகழ்வன யாவும் விளைவுகளே. அவற்றுள் ஒன்றை மையமென்றும் ஏனையவற்றைப் பக்கமென்றும் வகுப்பவர் யார்? மருந்தை உண்ணும் குழந்தையா? இல்லை. ஊட்டுகின்ற நாம். பிள்ளை கதிரையில் அசையாது இருத்தல் எமக்கு வேண்டியது. ஆகவே அது மையம். பிள்ளை விளையாட்டை மறந்து மூலையில் ஒதுங்குதல், சிரிப்பைத் துறத்தல், விரல்நகத்தருகே தோலைப் பிய்த்துக்கொண்டிருத்தல் எமக்கு இடையூறு செய்வன அல்ல. ஆகவே அவை பக்கம். பிராட்லியின் காலத்தில் உணர்ச்சி ஒடுக்கம் நற்பயனாக எண்ணப்பட்டது என்றோமே, அதன் பொருள் இதுதான். வளர்ந்தவரின் வசதியே அளவுகோலாகும்போது, குழந்தையின் துயரம் கணக்கின் ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றது.

வளர்ந்த நோயாளி தன் வேதனையைச் சொல்வான். 'நெஞ்சு படபடக்கிறது, மனம் கனக்கிறது, இந்த மருந்து வேண்டாம்' என்பான். மூன்று வயதுப் பிள்ளைக்கு அச்சொற்கள் இல்லை. அது அழும், உதைக்கும், கடிக்கும், இரவெல்லாம் விழித்திருக்கும். அதன் வேதனைக்கு உரிய மொழி நடத்தை ஒன்றே. அந்நடத்தையையே நாம் நோயின் அறிகுறியென்று கற்றிருக்கிறோம். இங்கேதான் பெரிய ஆபத்து உண்டு. மருந்து விளைத்த சிடுசிடுப்பு நோயின் முற்றலாகக் கருதப்படலாம். மருந்தின் அளவு கூட்டப்படலாம். மருந்து பறித்த உறக்கம் மறுநாட் பகலில் அமைதியின்மையாய் வெளிப்படும். உறக்கங் குறைந்த குழந்தை துடியாட்டங் கூடும் என்பது தாய்மார் யாவரும் அறிந்ததே. அதற்கும் மருந்து போதவில்லை என்றே பொருள்கொள்ளப்படலாம். உறங்கச் செய்ய இன்னொரு மருந்து வந்து சேரலாம். தன் காரியத்தையே தனக்குக் காரணமாக்கிச் சுழலும் இச்சக்கரத்தைக் கூர்ந்து நோக்கும் வைத்தியர் நிறுத்திவிடுவார். பத்து நிமிடத்துள் அடுத்த நோயாளியை அழைக்கவேண்டிய வைத்தியரால் அது எங்ஙனம் இயலும்?

மருந்தின் நேரக் கணக்கிலும் ஒரு சமூகக் கணக்கு மறைந்திருக்கின்றது. காலையில் உண்ட குளிசையின் அமைதி பள்ளிக்கூடத்துக்கு உரியதாகின்றது. மாலையில் அதன் வேகம் தணியும்போது பிள்ளைகள் சிலரிடம் மூளும் எரிச்சலும் அழுகையும் வீட்டுக்கு உரியனவாகின்றன. பகலெல்லாம் உழைத்துக் களைத்து வரும் தாயே அதனை ஏற்கிறாள். ஆசிரியர் 'பிள்ளை திருந்திவிட்டான்' என்று எழுதுகிறார். தாயோ வேறொரு பிள்ளையைக் காண்கிறாள். இருவருள் எவர் சொல் வைத்தியரின் ஏட்டில் ஏறுகின்றது என்பது எவர் சொல்லுக்குச் சமூகத்தில் மதிப்பு அதிகம் என்பதைப் பொறுத்தது.

'மருந்துண்டதும் அடங்கிவிட்டான்; ஆகவே நோய் இருந்தமை உறுதி' என்று வாதிப்போர் உளர். இவ்வாதம் 1978ஆம் ஆண்டிலேயே தகர்ந்துபோயிற்று. ஜூடித் றப்பப்போட் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும் எக்குறைபாடும் இல்லாத சிறுவர்க்கு அம்பெற்றமீன் கொடுத்து நோக்கினர். அவர்களுடைய துள்ளலும் குறைந்தது, அவதானமும் கூடியது. ஆதலால் அடங்குதல் மருந்தின் இயல்பைக் காட்டுமேயன்றிப் பிள்ளையின் நோயைக் காட்டாது. கள்ளுண்டவன் நாணம் நீங்கிப் பேசினான் என்பதற்காக, அவனுக்கு நாணம் என்ற நோய் இருந்ததென்று கூறுவார் உண்டோ?

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? இதில் அறிஞரிடையே பெரும் பிணக்கில்லை. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2011ஆம் ஆண்டிலும் மீண்டும் 2019ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நெறிமுறைகள், பாலர் வயதில் முதற் சிகிச்சை பெற்றோர்க்கு அளிக்கும் நடத்தைப் பயிற்சியே என்றும், அது போதாத கடும் நிலையிலேயே மருந்து என்றும் கூறுகின்றன. பிரித்தானியாவின் நெறிமுறை, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைக்கு இரண்டாவது நிபுணர் ஒருவரின் கருத்தறியாமல் மருந்து கொடுத்தலாகாது என்கின்றது. ஏட்டிலே எல்லாம் செம்மையாகத்தான் இருக்கின்றது. நடைமுறையோ வேறு. 2016ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிலையம் கூறிய கணக்கின்படி, இக்குறைபாட்டுக்காகச் சிகிச்சை பெறும் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுள் நாலில் மூவர் மருந்துண்கின்றனர். பாதிப் பேரளவினரே உளவியற் பணிகளைப் பெறுகின்றனர். 2025இல் வெளியான ஓர் ஆய்வில், குறைபாடு உண்டெனத் தீர்மானிக்கப்பட்ட 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 42 பேருக்கு ஒரே மாதத்துள் மருந்து எழுதப்பட்டமை கண்டறியப்பட்டது. பெற்றோர்க்குப் பயிற்சி அளித்துப் பயனைப் பார்க்க ஒருமாதம் போதுமா? இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுள்ளே பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் இம்மருந்தை உண்கின்றனர் என 2014ஆம் ஆண்டில் அந்நிலையத்தாரே மதிப்பிட்டனர். ஏழைகளுக்கான அரசு வைத்தியத் திட்டத்தின் கீழுள்ள குழந்தைகள் அவர்களுள் அதிகமாய் இருந்தனர் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

வைத்தியர் எல்லாரும் கொடியர் என்று நாம் கூறவில்லை. தனிமனிதரின் நன்மை தீமையைக் கடந்த காரணம் இதற்கு உண்டு. பெற்றோர் பயிற்சிக்கு ஆள் வேண்டும், அறை வேண்டும், வாரந்தோறும் ஒருமணி நேரம் வேண்டும், அந்நேரத்திற் கூலி இழக்காமல் வரக்கூடிய தாய் வேண்டும். குளிசைக்கு ஒரு துண்டுக் கடதாசியும் ஒரு கையொப்பமும் போதும். பயிற்சியை விற்று எவனும் கோடீசுவரனாவதில்லை. குளிசையோ, 2002ஆம் ஆண்டில் ஏறத்தாழ 170 கோடி டொலருக்கு விற்ற ஊக்கி மருந்துகள் 2012ஆம் ஆண்டில் ஏறத்தாழ 900 கோடி டொலருக்கு விற்கும் அளவிற்குப் பெருகியது. தாயை அணைத்து முறுவலிக்கும் பிள்ளையின் படத்தோடு சஞ்சிகைகளில் விளம்பரம் வந்தது. இக்குறைபாட்டுக்கான பெரிய மருந்துகள் ஒவ்வொன்றின் விளம்பரமும் ஒருமுறையேனும் பொய்யானதென்றோ திசைதிருப்புவதென்றோ அரசின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இத்துறையின் முன்னோடியும், ஆசிரியர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தை அமைத்தவருமாகிய கீத் கொனர்ஸ், முதுமையில் இப்பெருக்கத்தைக் கண்டு மனம் வெதும்பி, இது நாட்டிற்கே நேர்ந்த பேரிடர் என்று 2013இற் கூறினார். மருந்தின் பகைவர் அல்லர் அவர். மருந்தை ஆராய்ந்து வாழ்நாளைக் கழித்தவர்.

பள்ளிக்கூடத்தின் பங்கு யாது? 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு வியப்பூட்டுவது. செப்ரெம்பர் முதலாந் திகதியை வயதெல்லையாகக் கொண்ட அமெரிக்க மாநிலங்களில், ஓகஸ்ற் மாதத்துப் பிள்ளை வகுப்பில் மிக இளையது; செப்ரெம்பர் மாதத்துப் பிள்ளை அடுத்த ஆண்டு சேர்ந்து வகுப்பில் மிக மூத்தது. ஓகஸ்றிற் பிறந்தோர்க்கு இக்குறைபாட்டு முத்திரை விழுவது செப்ரெம்பரிற் பிறந்தோரினும் நூற்றுக்கு 34 வீதம் அதிகமாயிருந்தது. கனடாவிலும் இத்தகைய வேறுபாடு முன்னரே காணப்பட்டது. பிறந்த மாதம் நோயைத் தருமா? தராது. சில மாதங்கள் இளைய பிள்ளையின் பிள்ளைத்தன்மையே நோயாகக் கணிக்கப்பட்டது. படிவத்தில் உள்ள கேள்விகள் எவை? 'அடிக்கடி இருக்கையை விட்டு எழுகின்றானா? அடிக்கடி தன் முறைக்குப் பொறுக்காது குறுக்கிடுகின்றானா?' அடிக்கடி என்றால் எத்தனை முறை? பதினைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர்க்குத் தோன்றும் 'அடிக்கடி' வேறு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் தோன்றும் 'அடிக்கடி' வேறு. பரீட்சைப் புள்ளிகொண்டு பள்ளிகளுக்குத் தண்டனையும் வெகுமதியும் வழங்கும் சட்டங்கள் புகுந்த மாநிலங்களில், வறிய பிள்ளைகளிடையே இம்முத்திரை பெருகிற்று என்று ஹின்ஷோ, ஷெஃப்லர் என்னும் ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட நூல் காட்டுகின்றது. வகுப்பறையின் நெரிசல் பிள்ளையின் மூளைக் கோளாறாக உருமாறும் விந்தை இதுவே.

எமது கருத்தைப் பிறழ உணர்ந்து இருசாரார் பாராட்ட வரக்கூடும். இருசாராரையும் நாம் விலக்குகின்றோம். இப்படியொரு குறைபாடே இல்லை, உளவைத்தியம் முழுவதும் சூழ்ச்சி என்று முழங்குவோர் ஒருசாரார். அவர்தம் கூற்று அல்லலுறும் பிள்ளையைக் கைவிடுவது. 'நாலு அடி போட்டால் எல்லாம் சரிவரும்' என்று பிரம்பைத் தேடுவோர் மறுசாரார். பிரம்பும் குளிசையும் ஒன்றல்ல. மருந்து சிலர்க்கு நன்மை செய்யும், பிரம்பு எவர்க்கும் நன்மை செய்யாது. ஆயினும் பிள்ளை ஏன் இவ்வாறு நடக்கின்றது என்று வினவாமலே அதனை அடக்கும் பொருட்டுக் குளிசை கையாளப்படும்போது, அது பிரம்பின் வேலையையே செய்கின்றது. தழும்பு மட்டும் வெளியே தெரிவதில்லை. வைத்தியரின் மேற்பார்வையில் மருந்துண்ணும் பிள்ளைக்கு அதனைத் தாமாகவே நிறுத்திவிடுமாறும் நாம் எவர்க்கும் கூறவில்லை. வைத்தியரைக் கேள்வி கேளுங்கள் என்றே கூறுகின்றோம்.

நாம் எழுதியது தொலைநாட்டுக் கதையென எம் ஆசிரிய நண்பர்கள் எண்ணலாகாது. 'குழப்படிகாரன்' என்ற சொல் எமது வகுப்பறைகளிலும் நாள்தோறும் ஒலிப்பதே. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் எமது சிறுபிள்ளைகள் மேலும் படிந்தே இருக்கின்றது. அந்தச் சொல்லை உச்சரிக்குமுன் சில கேள்விகளைக் கேட்கும் பழக்கம் எமக்கு வேண்டும். இப்பிள்ளை வகுப்பில் எத்தனையாவது இளையது? நேற்றிரவு உறங்கிற்றா? காலையில் உண்டதா? காதும் கண்ணும் செம்மையாக உள்ளனவா? வீட்டில் நிகழ்ந்தது யாது? ஓடியாட வளவு உண்டா? இவற்றிற்கெல்லாம் விடை கண்ட பின்னும் துன்பம் நீங்காதாயின் வைத்தியரை நாடுதல் கடமை. மருந்து தொடங்கிய பிள்ளையின் அமைதியை மட்டுமன்றி, அது சிரிக்கின்றதா, விளையாடுகின்றதா, சோறு தின்கின்றதா என்பதையும் குறித்துத் தாயிடமும் வைத்தியரிடமும் சொல்வது ஆசிரியரின் பொறுப்பு. வகுப்பறையில் அவதானிக்கும் கண் ஆசிரியர்க்கு மட்டுமே உண்டு. அக்கண் கம்பனியின் விற்பனைக்குத் துணைபோகும் கண்ணாதலும் கூடும். பிள்ளையின் வழக்குரைக்கும் கண்ணாதலும் கூடும்.

சிறிய வகுப்புகள், பயிற்சிபெற்ற பாலர் ஆசிரியர், தாய்மார்க்குக் கூலியோடு கூடிய ஓய்வு, பெற்றோர் பயிற்சிக்கு அரசின் பணம், விளம்பரத்துக்குக் கடிவாளம் என்பன வைத்தியக் கோரிக்கைகள் அல்ல, சமுதாயக் கோரிக்கைகள். இவை நிறைவேறிய பின்னும் மருந்து தேவைப்படும் பிள்ளைகள் இருப்பர். அவர்கட்கு அது கிடைத்தல் வேண்டும். ஆயின் இவற்றுள் ஒன்றையேனும் செய்யாமல், மூன்று வயதுக் குழந்தையின் வாயிற் குளிசையை வைப்பது, சமுதாயம் தன் கடனை அக்குழந்தையிடமிருந்து அறவிடுவதாகும். எடை இழந்தும், உறக்கம் இழந்தும், சிரிப்பை இழந்தும் அது அந்தக் கடனை இறுத்துக்கொண்டிருக்கின்றது. தனக்கு ஏதும் கடன் இருந்ததென்பதே அதற்குத் தெரியாது.